மரபணுக் கணக்கில் ஊரும் சேரியும்

நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



இலக்கிய மேடையில் மரபணுப் புள்ளியியல் பேச வந்திருக்கிறோம். கவிதையும் தன்வரலாறும் ஒலித்த இடத்தில் இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. 2025 ஜனவரியில் ‘ஜீனோம் இந்தியா’ திட்டம், நாட்டின் பல சமூகக் குழுக்களைச் சேர்ந்த சுமார் 10,000 பேரின் முழு மரபணுத் தொகுதித் தரவை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. இந்தச் சமூகத்துக்குச் சர்க்கரை நோய் மரபணு இருக்கிறது, அந்தச் சமூகத்துக்குக் காசநோய் மரபணு இருக்கிறது என்ற செய்திகள் இனி நம் வாசலுக்கு வரத்தான் போகின்றன.

நம் உடலைப் பற்றி மற்றவர்கள் எழுதிய வரலாறு நமக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் மூக்கை அளந்தார்கள். இன்று டி.என்.ஏ.வைப் படிக்கிறார்கள். வருவதையெல்லாம் நம்புவதும் தவறு, வருவதையெல்லாம் சதி என்று தள்ளுவதும் தவறு. கணக்கைப் படித்துவிட்டுப் பேச வேண்டும். அந்தக் கணக்கின் நடுவில் ஒரே ஒரு கேள்விதான் உட்கார்ந்திருக்கிறது: யாருக்கு யார் எவ்வளவு உறவு? இந்தியாவில் அந்தக் கேள்விக்கு விடை எழுதிவைத்தது சாதி. அதனால்தான் இது நம் பாடம்.

பொய்யான மரபணு பிறக்கும் விதம்

தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றைக் கேத்லீன் கஃப் 1951-53இல் ஆராய்ந்து ‘கும்பப்பேட்டை’ என்று மாற்றுப்பெயர் வைத்து எழுதினார். ஆந்த்ரே பெத்தேல் 1961-62இல் இன்னொரு கிராமத்தை ‘ஸ்ரீபுரம்’ என்று எழுதினார். இரண்டிலும் அமைப்பு ஒன்றே: அக்ரகாரம், குடியானத் தெரு, தள்ளி வயலோரத்தில் சேரி. மண் ஒன்று, காவிரி ஒன்று. பெண் கொடுப்பதும் எடுப்பதும் மட்டும் தனித்தனி. டெல்டாவில் பிறந்த நமக்கு இதைப் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

இப்போது இந்த ஊரில் ஒரு மரபணுத் தொடர்பாய்வு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முறை எளிது. நோயாளிகள் ஒரு பக்கம், நோயில்லாதவர்கள் மறுபக்கம். இரு பக்கத்தாரின் டி.என்.ஏ.விலும் லட்சக்கணக்கான இடங்களைப் பார்க்கிறார்கள். எந்த எழுத்து மாற்றம் நோயாளிகளிடம் அதிகமாக இருக்கிறதோ, அது நோயோடு தொடர்புடையது என்று குறிக்கிறார்கள். அந்த எழுத்து மாற்றத்தை நாம் ‘குறி’ என்று அழைப்போம்.

ஒரு கணக்குப் போடுவோம். இது விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொள்ளும் கணக்கு, எந்த ஊரின் புள்ளிவிவரமும் அல்ல. ஒரு குறி சேரியில் 100க்கு 40 பேரிடமும், ஊரில் 100க்கு 20 பேரிடமும் இருக்கிறது. அதற்கும் காசநோய்க்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் காசநோய் நெரிசலான வீட்டையும் அரைவயிற்றையும் தேடி வரும் நோய். ஆகவே 1000 நோயாளிகளில் 700 பேர் சேரிக்காரர்கள். ஒப்பிடுவதற்கான 1000 பேரைக் கல்லூரியிலும் அலுவலகத்திலும் எடுத்தார்கள். அவர்களில் சேரிக்காரர்கள் 300 பேர்.

நோயாளிகளில் குறி உள்ளவர்கள்: சேரியிலிருந்து 280, ஊரிலிருந்து 60, மொத்தம் 340. நோயில்லாதவர்களில்: 120, 140, மொத்தம் 260. இந்த வித்தியாசம் தற்செயலாக வருவதற்குப் பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்புதான் என்று புள்ளியியல் சோதனை சொல்லும். ‘காசநோய் மரபணு’ பிறந்துவிட்டது!

அதே தாளைத் தெரு தெருவாகப் பிரித்துப் பாருங்கள். சேரி நோயாளிகள் 700 பேரில் 280, அதாவது 40 விழுக்காடு. நோயில்லாத சேரிக்காரர்கள் 300 பேரில் 120, அதுவும் 40 விழுக்காடு. ஊரிலும் அப்படியே இரு பக்கமும் 20. வித்தியாசம் எங்கே போனது? அது முதலிலிருந்தே இல்லை. ஆய்வு கண்டுபிடித்தது நோயின் மரபணுவை அல்ல, யார் எந்தத் தெரு என்பதை. ஆயிரம் பேரைப் பத்தாயிரம் ஆக்கினால் ஆய்வாளரின் நம்பிக்கைதான் கூடும். பிழை அப்படியே இருக்கும்.

இதற்கு மக்கள்தொகை அடுக்குப் பிழை என்று பெயர். அடுக்கு என்றால் என்ன என்பதை நாம் யாரிடமும் கற்க வேண்டியதில்லை.

ஆற்று மக்களின் சான்று

இது கற்பனைப் பயம் அல்ல. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஹீலா ஆற்றங்கரையில் பிமா என்று வெளியார் அழைக்கும் பழங்குடியினர் வாழ்கிறார்கள். அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் அகிமெல் ஓஓதம். பொருள், ஆற்று மக்கள். வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேல்பகுதியில் குடியேறிய வெள்ளையர்கள் ஆற்றைத் திருப்பிக்கொண்டார்கள். வயல் காய்ந்தது, பஞ்சம் வந்தது. பின்னாளில் அரசு வழங்கிய மாவும் கொழுப்பும் உணவாயின. இருபதாம் நூற்றாண்டில் அவர்களிடையே சர்க்கரை நோய் உலகிலேயே மிக அதிகமான அளவுக்குப் போனது.

1988இல் நோலர் தலைமையிலான குழு இவர்களிலும் அண்டைப் பழங்குடியினரிலும் 4,920 பேரை ஆராய்ந்த முடிவை வெளியிட்டது. இரத்தத்தின் எதிர்ப்புப் புரதம் ஒன்றில் குறிப்பிட்ட மரபு வகை உள்ளவர்களில் 8 விழுக்காட்டினருக்கே சர்க்கரை நோய். அது இல்லாதவர்களில் 29 விழுக்காடு. நோயைத் தடுக்கும் மரபணு கிடைத்துவிட்டது என்று அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவர்கள் நிறுத்தவில்லை. அந்த வகை ஐரோப்பியர்களிடம் இருப்பது, அதை வைத்திருப்பவருக்குப் பாட்டன் பூட்டனில் யாரோ ஒருவர் வெள்ளையர். எவ்வளவு பழங்குடி வம்சம் என்பதை வைத்து மக்களைப் பிரித்துப் பார்த்ததும் அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்தது. குறி நோயைத் தடுக்கவில்லை. வம்சத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

கதை இதோடு முடியவில்லை. மெக்சிகோ மலைப்பகுதியிலும் பிமா மக்கள் இருக்கிறார்கள். மரபில் நெருங்கியவர்கள், ஆனால் கையால் உழைத்து, நடந்து, தாங்கள் விளைவித்ததை உண்டவர்கள். 2006இல் வெளியான ஒப்பீட்டில் மெக்சிகோ பிமாக்களில் சர்க்கரை நோய் 6.9 விழுக்காடு, அமெரிக்க பிமாக்களில் 38 விழுக்காடு. முதல் ஆய்வு ஒரு குறியைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. இரண்டாவது ஆய்வு வம்சத்தையே பெருமளவு விடுவித்து, வாழ்க்கையைக் கூண்டில் ஏற்றியது. மேல்மடைக்காரன் தண்ணீரை மறித்தால் கடைமடையில் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். அது உடம்பில் எழுதப்படும்போது அதற்கு மரபணு என்று பெயர் வைத்துவிடக் கூடாது.

நெல் சொல்லும் பாடம்

கணிதத்துக்கு முன் நெல்லைப் பார்ப்போம். 1965இல் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஏடிடி 27 என்ற குறுவை ரகத்தை வெளியிட்டது. ஜப்பானிய நெல்லையும் நம் ஜிஇபி 24 ரகத்தையும் கலந்து எடுத்தது. ஜப்பானிய வகை ஜப்போனிகா, நம்முடையது இண்டிகா. பல ஆயிரம் ஆண்டுகள் பிரிந்து வளர்ந்த இரு குடும்பங்கள்.

பிரிந்தே கிடக்கும் இரு குடும்ப நெல்லையும் ஒரே குவியலாகக் கொட்டி, உருண்டை அரிசிக்குக் காரணமான மரபணு எது என்று தேடினால் ஆயிரக்கணக்கான இடங்கள் கையைத் தூக்கும். ஜப்போனிகாவுக்கே உரிய குறிகள் எல்லாம் உருண்டை அரிசியோடுதானே வருகின்றன! கலப்பு செய்து பல தலைமுறை விதைத்துப் பார்த்தால் நிலைமை மாறும். துண்டுகள் கலைந்து சேரும். உருண்டைக்கு உண்மையிலேயே காரணமான இடம் மட்டும் உருண்டையோடு நிற்கும், சும்மா கூட வந்தவை விலகிவிடும். கலப்பு உண்மையைப் பிரித்துக் காட்டுகிறது. அகமணம் உண்மையையும் பொய்யையும் ஒரே கட்டாகக் கட்டி வைக்கிறது. 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் அண்ணல் அம்பேத்கர் கலப்பு மணத்தைச் சமூக மருந்தாகச் சொன்னார். அது அறிவியலுக்கும் மருந்துதான் என்று நெல் சொல்கிறது.

திருத்தும் கருவிகள்

மனிதரிடம் அப்படிக் கலப்பு செய்து பார்க்க முடியாது. ஆகவே கணக்கில் திருத்தினார்கள். நான்கு கருவிகளைச் சுருக்கமாகச் சொல்வோம்.

1999இல் டெவ்லின், ரோடர் இருவரும் சொன்னது தராசைச் சோதிக்கும் முறை. நெல்லை எடைபோடும் முன் வெறும் தட்டோடு முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்போமே, அதுபோல. நோயோடு தொடர்பிருக்கக் காரணமே இல்லாத ஆயிரக்கணக்கான இடங்களைப் பார். அவையும் தொடர்பு காட்டினால் தராசு கோணல். அந்த அளவைக் கழித்துவிடு.

2000இல் பிரிட்சர்டு குழு ஒவ்வொருவரையும் சில மூதாதைக் கூட்டங்களின் கலவையாகப் பிரிக்கும் முறையைத் தந்தது. எத்தனை கூட்டம் என்ற எண்ணைத் தேர்ந்தெடுப்பவர் ஆய்வாளர். அந்தக் கூட்டங்கள் கணக்கின் உதவிக்கு வைத்த பெயர்கள். வரலாற்றில் அப்படியே வாழ்ந்த இனங்கள் என்று அவற்றை வாசிக்கக் கூடாது.

2006இல் பிரைஸ் குழு முதன்மைக் கூறு முறையைத் தொடர்பாய்வுக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு மனிதரும் ஒரு புள்ளி. புள்ளிகள் எந்தத் திசையில் அதிகமாகப் பரந்து கிடக்கின்றனவோ அதுவே முதல் அச்சு. அந்த அச்சில் யார் எங்கே நிற்கிறார் என்பதைக் கணக்கில் சேர்த்து, அதன் பங்கைக் கழித்த பிறகே குறியைச் சோதிக்கிறார்கள்.

நான்காவதுதான் இன்று பரவலாகப் பயன்படும் கலப்பு மாதிரி. இதன் வேர் மாட்டுப் பண்ணையில் இருக்கிறது. மகள் பசுக்களின் பாலை வைத்துக் காளையின் தரத்தைக் கணிக்க ஹென்டர்சன் அமெரிக்காவில் உருவாக்கிய கணிதம் அது. 2006இல் மக்காச்சோள ஆய்வுக்கு வந்து, பிறகு மனிதருக்கு வந்தது. இதில் ஓர் உறவுப் பட்டியல் தயாராகும். ஆயிரம் பேர் என்றால் ஆயிரம் வரிசை, ஆயிரம் நிரல். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த இருவர் மரபில் எவ்வளவு பகிர்கிறார்கள் என்ற எண். அண்ணன் தங்கைக்குச் சராசரியாக இரண்டில் ஒரு பங்கு. தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் நான்கில் ஒன்று. அத்தை பிள்ளைக்கும் மாமன் பிள்ளைக்கும் எட்டில் ஒன்று.

இந்தப் பட்டியல் எதற்கு? பஞ்சாயத்தில் ஒரே வீட்டார் பத்துப் பேர் எழுந்து ஒரே சாட்சியைச் சொன்னால் அதைப் பத்துச் சாட்சியாக எண்ணுவோமா? உறவினர் இருவருக்கு ஒரே நோயும் ஒரே குறியும் இருந்தால் அது இரண்டு சாட்சியல்ல. உறவுக்கு ஏற்றபடி சாட்சியின் எடையைக் குறைக்கிறது கலப்பு மாதிரி. அக்காள் மகளையும் அத்தை மகளையும் கட்டும் வழக்கம் அக்ரகாரம் முதல் சேரி வரை பரவிய தமிழ்நாட்டில், இந்தப் பட்டியல் இல்லாமல் செய்யும் ஆய்வுக்கு மதிப்பில்லை.

அகமணம் எண்ணாகும்போது

1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் 25 வயது அம்பேத்கர் ஒரு கட்டுரை படித்தார். சாதியின் உயிர்நாடி அகமணம் என்பது அதன் மையம். டி.என்.ஏ.வின் அமைப்பு தெரியவருவதற்கு 37 ஆண்டுகள் முன்பு. இன்றைய மரபணு ஆய்வுகள் அந்த அகமணத்துக்குத் தேதி போடத் தொடங்கியிருக்கின்றன.

2009இல் ஹைதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோரும் அமெரிக்காவின் டேவிட் ரைக் குழுவும் 25 இந்தியக் குழுக்களின் தரவை வெளியிட்டார்கள். மிகப் பெரும்பாலான இந்தியக் குழுக்கள் இரண்டு பழைய மூதாதைக் கூட்டங்களின் கலவை. விகிதம்தான் வேறு. வடக்கு மூதாதைப் பங்கு 39 முதல் 71 விழுக்காடு வரை. முழுக்கத் தனித்த இரத்தம் என்று பெருமை பேச யாருக்கும் இடமில்லை. 2013இல் வந்த ஆய்வு, அந்தக் கலப்பு சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை நடந்தது என்று கணித்தது. பிறகு கதவு சாத்தப்பட்டது. 2017இல் 260க்கும் மேற்பட்ட குழுக்களைப் பார்த்தபோது, 81 குழுக்களில் ‘சிறு தொகையிலிருந்து பெருகி உள்ளேயே மணந்த’ தடயம் ஃபின்லாந்து மக்களிடமும் அஷ்கெனாசி யூதர்களிடமும் உள்ளதைவிட வலுவாக இருந்தது. அவற்றில் 14 குழுக்கள் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்டவை.

இதனால் நோய்களும் குழுவுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. ஆரிய வைசியர்களில் சிலருக்கு ஒரு நொதிக் குறைபாடு உண்டு. அறுவைச் சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் மருந்து அவர்களுக்கு எளிதில் இறங்காது. இது தெரிந்ததால் மருத்துவர் எச்சரிக்கையாக இருக்க முடிகிறது. இப்படிப்பட்ட அறிவு சேரிகளுக்கும் வர வேண்டும். ஆகவே ஆய்வே வேண்டாம் என்பது நம் நிலைப்பாடாக இருக்க முடியாது.

ஆனால் கவனம் வேண்டும். 2012இல் தமிழ்நாட்டின் 31 பழங்குடி, சாதிக் குழுக்களைச் சேர்ந்த 1,680 ஆண்களின் ஒய் குரோமோசோமை ஆராய்ந்து, குழுக்களின் வேறுபாடு வருண முறைக்கும் முந்தையது என்றார்கள். சாதி இயற்கையிலேயே இருந்தது என்று இதை வாசிக்கத் துடிப்பவர்களுக்கு இரண்டு செய்திகள். ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் ஒற்றை இழை, முழுக் குடும்ப மரம் அல்ல. பழைய வேறுபாட்டைக் காட்டுவது வேறு, தீண்டாமையைக் காட்டுவது வேறு. எந்த மரபணுவிலும் தீண்டாமை இல்லை.

அம்பேத்கர் இதையும் முன்பே செய்து காட்டியிருக்கிறார். மூக்கின் அகலத்தை வைத்துச் சாதியை இனமாக்கினார் ரிஸ்லி. 1948இல் ‘தீண்டப்படாதார்’ நூலில் அம்பேத்கர் அதே வகை அளவுகளைக் கையில் எடுத்தார். மாகாணம் மாகாணமாகப் பிரித்து, ஒரே வட்டாரத்துப் பார்ப்பனரையும் தீண்டப்படாதோரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இனவாதம் உதிர்ந்தது. குவியலைப் பிரித்து அடுக்குக்குள் ஒப்பிடு என்ற இன்றைய விதியை, எதிரியின் எண்களை வைத்தே அன்று அவர் செய்துவிட்டார்.

திருத்தம் எதைத் திருத்துகிறது?

இங்கேதான் நம் முக்கியமான கேள்வி. இந்தக் கருவிகள் எல்லாம் சரியாக வேலை செய்தாலும் ஓர் இடத்தில் தடுமாறுகின்றன. சமூகத் துன்பமும் மூதாதை அச்சும் ஒரே திசையில் ஓடும் இடம் அது.

2010இல் வெளியான புகழ்பெற்ற உயர ஆய்வு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 3,925 பேரை வைத்து, உயர வேறுபாட்டில் 45 விழுக்காட்டைப் பொதுவான மரபுக் குறிகள் விளக்கும் என்றது. அதற்காக உறவு எண் 0.025க்கு மேலிருந்த இணைகளில் ஒருவரை நீக்கினார்கள். நெருங்கிய உறவினர் மரபணுவை மட்டுமல்ல, ஒரே அடுப்பையும் பகிர்கிறார்கள் என்பதால். நல்ல எச்சரிக்கை. ஆனால் உடன்பிறந்த இருவரின் பேரப்பிள்ளைகளுக்கிடையிலான உறவுக்கே எண் 0.031. தலைமுறை தலைமுறையாக உள்ளேயே மணந்த ஒரு சேரித் தெருவில் இந்த வடிகட்டியைப் போட்டால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? போடாமல் விட்டால் என்ன ஆகும்? ஒரே தெருவார் ஒரே குழாயை, ஒரே கூலியை, ஒரே பூச்சிமருந்துத் தெளிப்பைப் பகிர்கிறார்கள். உறவுப் பட்டியல் அதையெல்லாம் ‘மரபு’ என்ற கணக்கில் வரவு வைத்துவிடும்.

கீழத்தஞ்சையில் கூலி உயர்வு கேட்டுப் போராடிய காலத்தில்தான், 1968 டிசம்பர் 25 இரவு, வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். எவ்வளவு நெல் வீட்டுக்கு வந்தது என்பதே உயிர்ப் பிரச்சினையாக இருந்த மக்களின் பிள்ளைகள் எவ்வளவு உயரம் வளர்ந்தார்கள் என்பதில் அந்தக் கூலி வரலாறு இருக்கிறது. மூதாதை அச்சைத் திருத்திவிட்டோம் என்று ஆய்வாளர் சொல்லும்போது அந்த வரலாற்றையும் சேர்த்து அழித்திருக்கலாம். அல்லது அதை மரபணு என்று பெயர் மாற்றியிருக்கலாம்.

திருத்தம் முழுமையாகவும் இருப்பதில்லை. வட ஐரோப்பியர் மரபணுவாலேயே தென் ஐரோப்பியரைவிட உயரம், இயற்கைத் தேர்வே அப்படிச் செய்தது என்று சில ஆண்டுகள் சொல்லிவந்தார்கள். 2019இல் இரண்டு குழுக்கள், ஒரே நாட்டில் ஒரே முறையில் திரட்டிய பிரிட்டன் தரவை வைத்து அதைச் சோதித்தன. அந்தச் சான்று பெரும்பாலும் கரைந்துபோனது. ஆயிரக்கணக்கான இடங்களில் மிஞ்சியிருந்த சிறுசிறு அடுக்குப் பிழைகள் சேர்ந்து ஒரு பெரிய பொய்யைக் கட்டியிருந்தன. ஐரோப்பாவுக்குள்ளேயே இப்படி என்றால், சாதி அடுக்கின் நாட்டில்?

இதற்கு நியாயமான வழி ஒன்று உண்டு. உடன்பிறந்தவர்களை ஒப்பிடுவது. அண்ணனுக்கு எந்தத் துண்டு வந்தது, தங்கைக்கு எந்தத் துண்டு வந்தது என்பது குடவோலை எடுப்பதுபோல. ஒரே குடிசை, ஒரே சாதி, ஒரே வறுமை. அந்தக் குடும்பத்துக்குள்ளும் ஒரு குறி நோயோடு தொடர்ந்து நின்றால்தான் அதற்குப் பேச உரிமை. இப்படிச் செய்ய நிறைய குடும்பங்கள் வேண்டும், செலவு அதிகம். ஆனால் சாதியின் கை படாத சாட்சி இந்த வழியில்தான் கிடைக்கும்.

நாம் கேட்க வேண்டியவை

செய்தி வரும்போது மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. நோயாளிகளை எங்கே எடுத்தார்கள், ஒப்பிட்டவர்களை எங்கே எடுத்தார்கள்? உறவுப் பட்டியல் போட்டார்களா? நிலம், கூலி, குடிநீர், வேலை ஆகியவற்றையும் அளந்தார்களா, அல்லது சாதிப் பெயரை மட்டும் எழுதிக்கொண்டார்களா? குடும்பத்துக்குள் ஒப்பிட்டும் அந்த முடிவு நிற்கிறதா?

ஐந்தாவது கேள்வி செயல்பாட்டாளர்களுக்கு: கொடுத்த இரத்தம் எதற்கெல்லாம் பயன்படும்? அரிசோனாவின் ஹவசுபாய் பழங்குடியினர் சர்க்கரை நோய் ஆய்வுக்கென்று கொடுத்த இரத்தம், அவர்கள் ஒப்புக்கொள்ளாத மனநோய் ஆய்வுக்கும் பூர்வீக ஆய்வுக்கும் போனது. அவர்கள் வழக்குப் போட்டார்கள். 2010இல் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்து இரத்த மாதிரிகளையும் திருப்பித் தந்தது. ஒரு சிறு சமூகம் கேட்டதால் நடந்தது.

தோழர்களே, உறவுப் பட்டியலின் ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள எண் ஒரு திருமணத்தின் எச்சம். யாரை மணக்கலாம், யாரை மணந்தால் வெட்டுவோம் என்று சொன்ன சமூகம் எழுதிய எண் அது. புள்ளியியல் அதைப் பிழை என்று அழைத்துக் கழிக்கிறது. நாம் அதைக் கழித்துவிடாமல் படிக்க வேண்டும். சேரியின் நோயை மரபணுவில் தேடுபவர்களிடம், முதலில் சேரியின் குடிநீரைச் சோதித்தீர்களா என்று கேட்கும் அறிவும் துணிவும் நமக்கு வேண்டும். அந்தக் கேள்வியைக் கணக்கோடு கேட்கும் மாணவர்கள் இந்த அவையிலிருந்து வர வேண்டும் என்று கேட்டு அமைகிறோம்.